நூற்பெயர் இல்லாத உதாரணம்

தற்குறிப்பேற்ற அணிக்குத் தமிழில் ஒரேயொரு உதாரணம்தான் இருக்கிறது என்று பதினொரு வருடம் படிப்பித்தவன் நான். பகிடிக்குச் சொல்லவில்லை. கரும்பலகைக்கு முன்னால் வெண்கட்டியும் கையுமாக நின்று, முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லாமல் சொன்னேன். கைநூலில் ஒரு செய்யுள் அச்சடித்திருந்தது. எனக்குப் படிப்பித்தவரும் அதே செய்யுளைத்தான் சொன்னார். சோதனையில் நானும் அதையே எழுதிப் பாஸ் பண்ணி ஆசிரியனானேன். ஆகவே உலகத்தில் வேறொன்று இருக்க வாய்ப்பே இல்லை என்பது என் முடிவு.

இந்த மடத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இனி நான் மற்றவர்களைக் குறை சொல்லப்போகிறேன். அப்போது யாராவது எழும்பி, நீர் மட்டும் திறமோ என்று கேட்டால், இல்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன், வாசியுங்கள் என்று காட்டலாம்.

இதை எழுதவைத்தவர் ரஞ்சினி ரீச்சர். ஊர்காவற்றுறையில் நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத்தில் இப்போது என் இடத்தில் தமிழ் படிப்பிப்பவர். என் கதிரையும் அவரிடம்தான் போனது. அதன் ஒரு கால் ஆடும் என்பதை நான் சொல்லாமல் வந்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. போன மாதம் புங்குடுதீவு இறுப்பிட்டியில் என் வீட்டுக்கு வந்தார். தமிழாசிரியர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம்.

"சேர், இலக்கியக் கலைச்சொல்லுகளைப் பிள்ளையளுக்கு இலேசாப் படிப்பிக்கிறது எப்பிடியெண்டு ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தாங்கோ."

"இலேசாப் படிப்பிக்க ஏலாது எண்டு எழுதலாமோ?"

"எழுதலாம். ஆனால் ஆரோடையும் சண்டை பிடிக்காமல் எழுதுங்கோ சேர்."

கையில் ஒரு சிறு புத்தகம் வைத்திருந்தார். அறுபது கலைச்சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், ஒரு உதாரணம். பின்பக்கத்தில் வினாக்கள். செய்யுளைத் தந்து, கீழே நாலு பெயர் தந்து, சரியானதற்குக் கோடு போடச் சொல்லியிருந்தது. எங்கள் பகுதியில் இனித் தவணைச் சோதனைகளில் இப்படித்தான் வருமாம்.

"அப்ப பிள்ளை ஒண்டும் எழுதத் தேவையில்லையோ?" என்று கேட்டேன்.

"தேவையில்லை சேர். திருத்திறதும் சுகம்."

அவர் களங்கமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தச் 'சுகம்' குத்தியது. திருத்துகிறவனின் சுகத்துக்காக ஒரு பிள்ளையின் விடையை வெட்டியவன் நான். அதே காரணத்துக்காக இன்னொரு விடையை வெட்ட மாட்டேன் என்று நின்று பேர் கெட்டவனும் நான்தான். இரண்டையும் சொல்கிறேன்.

பயிற்சிக் கலாசாலையில் கழித்த இரண்டு வருடத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். அணிகளின் பெயர்களை மூச்சு விடாமல் அடுக்கக் கற்றேன். மூச்சு விடக் கற்றது பிறகு.

அதைக் கற்பித்தவன் என் மாணவன் அன்ரன். தகப்பன் ஊர்காவற்றுறையில் கடற்றொழில். வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பான். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல், கவிஞன் தன் மனத்திலுள்ள ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம் என்று நான் சொல்லி, அந்த ஒரேயொரு செய்யுளையும் எழுதிப்போட்ட நாளில் அவன் கை உயர்த்தினான்.

"சேர், வேறை ஒண்டு சொல்லுங்கோ."

"வேறை இல்லை. தமிழிலை இதுக்கு ஒண்டுதான்."

"அப்ப ஒண்டுக்காக ஏன் சேர் இவ்வளவு நீளப் பேர் வைச்சவை?"

வகுப்பு சிரித்தது. நான் அவனை எழும்பி நிற்க வைத்தேன். பதில் இல்லாத ஆசிரியனிடம் எப்போதும் இருக்கும் ஆயுதம் அது.

தவணைச் சோதனை வந்தது. அன்ரன் செய்யுளை எழுதவில்லை. இப்படி எழுதியிருந்தான்: 'கட்டி வைத்த படகை அலை வந்து வந்து தட்டுகிறது, இன்றைக்கு ஞாயிறு இல்லை, எழும்பு என்று சொல்வதற்கு.' அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, மாதா கோயிலுக்குப் போவார்கள். ஞாயிறு முழுதும் சும்மா கிடந்த படகு திங்களும் சோம்பிக் கிடக்கிறதாம். அலைக்குப் பொறுக்கவில்லையாம். நான் வாசித்துச் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'புத்தகத்தில் இல்லை' என்று எழுதி முட்டை போட்டேன். ஒரு வரியை வாசித்துச் சிரித்தவனே அதற்குச் சைபர் போட்டதில் என்ன நியாயம் என்று யாரும் கேட்கவில்லை. ஆசிரியத் தொழிலில் அது ஒரு வசதி.

இரண்டு கிழமை கழித்து, புங்குடுதீவிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் எனக்குச் சூடு விழுந்தது. நான் பிந்தி ஓடிவந்து ஏறினேன். கொண்டக்ரர் படியில் நின்றபடி கையைக் கட்டிக் குனிந்தார்.

"வாங்கோ மகாராசா. நீங்கள் குளிச்சு, சாப்பிட்டு, ஆறுதலா வரட்டுமெண்டுதான் இந்தச் சனமெல்லாம் வெயிலுக்கை காத்திருக்குது."

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு வெட்கம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. இது வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போல் இகழ்வது. நான் வகுப்பில் இதற்கும் ஒரு செய்யுள்தான் வைத்திருந்தேன். இந்த மனுசனோ என் வசதிக்காக ஒவ்வொரு காலையும் புதிது புதிதாகச் செய்து தந்துகொண்டிருந்தார். நான் ரிக்கற்றை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறேன். அன்றைக்கு இருக்கை கிடைக்கவில்லை. நின்றபடியே யோசித்துக்கொண்டு போனபோது, அன்ரனுடைய படகு நினைவில் தட்டியது.

வகுப்புக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மனம் எனக்கு இல்லை. படிப்பிக்கிற முறையை மட்டும் மாற்றினேன். திங்கட்கிழமைகளில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில், பஸ்ஸில், துறையில் காதில் விழுந்த ஒரு வரியை எழுதிக்கொண்டு வரவேண்டும். கரும்பலகையில் நாலு கட்டம் கீறுவேன். என்ன நடந்தது, என்ன சொன்னார்கள், உண்மையில் எதைச் சொன்னார்கள், இதற்கு என்ன பெயர். பெயர்க் கட்டம் கடைசியில்தான் நிரம்பும். முதல் மூன்றும் நிரம்பாமல் பெயரைச் சொல்கிற பிள்ளைக்குப் புள்ளி இல்லை. 'எங்கடை பஸ்ஸைப் போலை சொன்ன சொல்லுத் தவறாத பஸ் இல்லை, எண்டைக்கும் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வரும்' என்று ஒரு பெண்பிள்ளை தாயின் வாயிலிருந்து பொறுக்கி வந்த வரியில், வஞ்சப்புகழ்ச்சியை முழு வகுப்பும் அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டது. செய்யுளுக்குப் பிறகு போனோம். தெரிந்த முகத்தைச் சந்தையில் கண்டமாதிரி அந்த அணியைச் செய்யுளில் கண்டு சிரித்தார்கள்.

இனி மற்றக் கதை. இது நடந்தபோது நான் ஆசிரியனாகி இருபது வருடம் தாண்டிவிட்டது. பொதுப் பரீட்சை ஒன்றின் தமிழ் விடைத்தாள் திருத்த, பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பதினாறு பேர் கூடியிருந்தோம். எங்களுக்குத் தலைமைப் பரீட்சகர் பொன்னுத்துரை சேர். நெடுந்தீவார். மெலிந்த, உயரமான மனுசன். அவரிடம் ஒரு மர அடிமட்டம் இருக்கும். எதை வாசித்தாலும் அந்த அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கி இறக்கித்தான் வாசிப்பார். அடுத்த வரியை முன்கூட்டிப் பார்ப்பது அவருக்குக் களவு. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பச்சைப் பேனையின் மூடியைத் திறந்தால் உங்கள் பேச்சைக் கேட்கிறார். மூடினால் பேச்சு முடிந்தது.

முறை இதுதான். முதல் ஒன்றரை நாள் திருத்துவதில்லை. புள்ளித்திட்டத்தை வரிவரியாக வாசித்து, வாதாடி, முடிவில் எல்லோரும் ஒப்பம் வைக்கவேண்டும். பிறகு விடைத்தாள் கட்டுகள் வரும். அதில் பெயர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, சுட்டெண் மட்டும். முதல் பரீட்சகர் சிவப்பால் தாளிலேயே புள்ளி போடுவார். இரண்டாம் பரீட்சகர் அதைப் பார்க்காமல் தனித்தாளில் போடுவார். வித்தியாசம் கூடினால் தலைமைப் பரீட்சகரிடம் போகும். முதல் பரீட்சகர் போட்ட புள்ளியை வெட்டினால், பக்கத்தில் அவரே சின்ன ஒப்பம் வைக்கவேண்டும்.

தற்குறிப்பேற்ற அணியை உதாரணத்துடன் விளக்கச் சொன்ன வினாவுக்கு நாலு புள்ளி. விளக்கத்துக்கு ஒன்று, உதாரணத்துக்கு இரண்டு, நூற்பெயருக்கு ஒன்று. நூற்பெயர் இல்லாவிட்டால் உதாரணத்துக்கும் புள்ளி இல்லை என்று அடியில் ஒரு குறிப்பு. அதை நானும் வாசித்து, தலையாட்டி, ஒப்பம் வைத்தேன்.

மூன்றாம் நாள் அந்தத் தாள் வந்தது. விளக்கம் சரி. உதாரணத்தின் இடத்தில் நீல மையில் ஒரு வரி: 'பிடித்துக் கொடுத்த பாவத்தை நினைத்து, கரையில் தொங்கிய வலை சொட்டுச் சொட்டாக அழுதது.' நூற்பெயர் இல்லை.

நான் பேனையை வைத்துவிட்டேன். காயப்போட்ட வலையில் நீர் சொட்டும். அது இயல்பு. ஆனால் மீனுக்காகக் கடல் அழுவதாக ஒரு பிள்ளை எழுதியிருந்தால் நான் நல்லது என்று சொல்லிப் போயிருப்பேன். இந்தப் பிள்ளை அழவைத்தது வலையை. பிடித்தவனையே அழவைத்திருக்கிறது. நாலு புள்ளியும் போட்டேன்.

இரண்டாம் பரீட்சகர் பரமேஸ்வரி அக்கா ஒன்று போட்டார். "நல்ல வசனம்தான் தம்பி. ஆனால் திட்டத்திலை இல்லையே," என்றார். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தோம். அக்காவின் கணக்குப்படி எழுபத்துமூன்று. என் கணக்குப்படி எழுபத்தாறு. அதிசிறப்புச் சித்திக்கு எல்லை எழுபத்தைந்து. முகம் தெரியாத ஒரு பிள்ளை கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பது அந்த வலையில் தொங்கியது.

தாள் பொன்னுத்துரை சேரிடம் போனது. என்னைக் கூப்பிட்டார். அடிமட்டம் அந்த வரிக்குக் கீழே இருந்தது.

"நீர் இதுக்கு நாலு போட்டிருக்கிறீர்."

"ஓம் சேர்."

"உதாரணம் எந்த நூலிலை?"

"நூலிலை இல்லை சேர். பிள்ளை தானாச் செய்தது."

"நூற்பெயர் இல்லாட்டிப் புள்ளி இல்லையெண்டு வாசிச்சனாங்கள். நீரும் ஒப்பம் வைச்சனீர்."

"வைச்சனான் சேர். இப்பிடி ஒண்டு வருமெண்டு அப்ப தெரியாது."

"தெரியாமல் ஒப்பம் வைக்கிறவர் இந்த வேலைக்கு வரக்கூடாது."

பின்னாலிருந்து ஒருவர், அது தற்குறிப்பேற்றமே இல்லை, உருவகம் என்றார். நான் திரும்பினேன். "நீரைக் கண்ணீர் எண்டு சொல்லிப்போட்டு விட்டிருந்தால் உருவகம். இது அப்பிடியில்லை. சொட்டுறது தானா நடக்குது. அதுக்கு இல்லாத ஒரு காரணத்தைப் பிள்ளை ஏத்தியிருக்குது, வலைக்குப் பாவம் தெரியுதெண்டு. இந்தப் பேரே அதுக்குத்தானே வைச்சது?"

பொன்னுத்துரை சேர் நிமிர்ந்து பார்த்தார். "நீர் இறுப்பிட்டிதானே?"

"ஓம் சேர்."

"தீவாரின்ரை தாள் போலை கிடக்கு. எழுதின பிள்ளையை உமக்குத் தெரியுமோ?"

திருத்துகிற இடத்தில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. தெரிந்த பிள்ளைக்குப் புள்ளி போட்டவன் என்று ஒருமுறை எழுதப்பட்டால், பிறகு உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் புள்ளியையும் சனம் சந்தேகத்தோடு பார்க்கும்.

"சேர், பருத்தித்துறையிலை இருந்து மன்னார் மட்டும் வலை காயுது. அவ்வளவும் என்ரை மாணவர் எண்டால் எனக்கெல்லோ சிலை வைக்கவேணும்."

ரெண்டு பேர் சிரித்தார்கள். பொன்னுத்துரை சேர் பேனையை மூடினார். பேச்சு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

"ஒண்டு கேக்கிறன் சேர். நாங்கள் பதினாறு பேர் இருக்கிறம். எல்லாரும் தமிழ் படிப்பிக்கிறம். இப்ப ஆளுக்கொரு உதாரணம் எழுதுவம், எந்தப் புத்தகத்திலையும் இல்லாதது. ஒராள் எழுதினாலும் இது லேசான வேலையெண்டு நான் ஒப்புக்கொண்டு மூண்டு புள்ளியையும் வெட்டிறன்."

ஒருவர் கூரையைப் பார்த்தார். பரமேஸ்வரி அக்கா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார், அது துப்புரவாகத்தான் இருந்தது.

"உடனை எழுதெண்டால் எப்பிடி ஐசே?" என்றார் உருவகக்காரர்.

"அந்தப் பிள்ளைக்கு ஐஞ்சு நிமிசம் இருந்தது."

நல்லகாலம், நீர் ஒன்று சொல்லும் என்று என்னை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்ரனின் படகைக் களவெடுத்துத்தான் மானத்தைக் காப்பாற்றியிருப்பேன்.

பொன்னுத்துரை சேர் தாளை என் பக்கம் திருப்பினார். "வெட்டிப்போட்டுச் சின்ன ஒப்பம் வையும்."

"ஏலாது சேர்."

மேலதிகாரி ஒருவருக்கு அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வீரன் என்று யாரும் நினைத்துவிடாதபடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கோபிக்கவில்லை. தாளை ஒரு மண்ணிற உறைக்குள் வைத்து, சுட்டெண்ணை எழுதி, அடிமட்டத்தை அதன்மேல் வைத்தார். "நாளைக்குக் காலமை விளக்கம் எழுதித் தாரும்."

முதலில் நாலு பக்கம் எழுதினேன். அதில் மொழி, பண்பாடு, எதிர்காலம் எல்லாம் இருந்தன. காலையில் வாசித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துவிட்டு ஏழு வரி எழுதினேன். எழுதிய பிள்ளையை எனக்குத் தெரியாது. திட்டத்தில் ஒப்பம் வைத்தது என் பிழை. முன்னொரு காலம் இதே மாதிரி ஒரு பிள்ளை தானாகச் செய்த வரியை, அது புத்தகத்தில் இல்லை என்று வெட்டினேன். பிள்ளைக்கு அணி விளங்கியிருந்தது, எனக்குத்தான் விளங்கவில்லை. அதை இரண்டாம் தடவை செய்ய என்னால் ஏலாது.

பொன்னுத்துரை சேர் அடிமட்டம் வைத்து ஏழு வரியையும் வாசித்தார். மடித்து உறைக்குள் வைத்தார். அந்தத் தாளை நான் பிறகு காணவில்லை.

அடுத்த வருடம் திருத்த வரச்சொல்லிக் கடிதம் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. தமிழாசிரியர் மத்தியில் இது மறைகிற விசயமில்லை. கண் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 'தெரிஞ்ச பிள்ளைக்குப் புள்ளி போட்டவராம்' என்ற கதை எனக்கு முன்னால் பஸ் ஏறிப் பல ஊர் போனது. ஓய்வுபெறும் வரைக்கும் கடிதம் வரவேயில்லை. அந்தப் பிள்ளைக்கு எழுபத்துமூன்றா, எழுபத்தாறா, எழுபத்தைந்துக் கோட்டைத் தொட்டதா என்பதும் தெரியாது. அந்த வருடம் அதிசிறப்பு எடுக்காத யாரைக் கண்டாலும், இவரோ அது என்று ஒரு கணம் யோசிப்பேன்.

சண்டை பிடிக்காமல் எழுதச் சொன்னார் ரஞ்சினி ரீச்சர். மன்னிக்கவேண்டும், பிடிக்கிறேன். அந்த அறுபது சொல்லையும் பிள்ளைகள் பாடமாக்கட்டும். என் வகுப்பிலும் பாடமாக்கினார்கள். ஆனால் பெயருக்குக் கீழே கோடு போடத் தெரிந்தது, அணி தெரிந்ததாகாது. ஒரு பிள்ளைக்கு உவமை விளங்கியதோ என்று அறியவேண்டுமா, ஒரு உவமை செய்யச் சொல்லுங்கள். கோணலாகச் செய்யும். செய்யட்டும். அதைத் திருத்தச் சுகமில்லைத்தான். நாங்கள் சுகத்துக்குச் சம்பளம் எடுத்தவர்களில்லை. அப்படி ஒரு வினாத்தாள் வந்தால், நாலு பெயரின் கீழும் வெறும் இடம் விட்டு, 'தானாக ஒன்று எழுதுக' என்று கையால் எழுதிச் சேர்க்கச் சொல்லி ரஞ்சினி ரீச்சரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். "எனக்கும் கடிதம் வராமல் பண்ணப்போறியள் சேர்," என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை, அதைக் கவனித்தேன்.

அன்ரன் இப்போது சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான். என்னைத் துறையில் கண்டால், எந்தக் கிழமையானாலும், "சேர், இண்டைக்கு ஞாயிறில்லை, எழும்புங்கோ," என்பான். முட்டை போட்டதற்கு வட்டியாக அதை வாங்கிக்கொள்கிறேன்.

கட்டுரையை இங்கே முடிப்பதாகத்தான் இருந்தேன். போன கிழமை, நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற மச்சாளைப் படகு ஏற்றிவிடக் குறிகட்டுவான் துறைக்குப் போனேன். நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்த சனத்துக்குள், மருந்துப் பையும் குடையுமாக ஒரு மெலிந்த, உயரமான உருவம். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். கிளினிக்குக்குப் போய்த் திரும்புகிறாராம். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"நீர் இறுப்பிட்டி."

"ஓம் சேர்."

சுகம் விசாரித்தோம். சீனி வருத்தம், முழங்கால், நெடுந்தீவில் தண்ணீர்ப் பஞ்சம். துறைச் சுவரில் யாரோ வலை ஒன்றைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"பாருங்கோ சேர், அழுகுது."

அவர் வலையைப் பார்த்தார். படகுக்காரன் ஏறச் சொல்லிக் கூப்பிட்டான். ஒரு கையால் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடம் என்னைத் தின்ற கேள்வியைக் கேட்டேன்.

"சேர், அந்தப் பிள்ளைக்குக் கடைசியிலை எழுபத்துமூண்டோ, எழுபத்தாறோ?"

அவர் படகில் ஒரு காலை வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். பையை என்னிடமிருந்து வாங்கினார். குடையை மடித்து மூடினார்.

"எழுபத்தைஞ்சு, நூற்பெயருக்கு ஒண்டு வெட்டினனான்."